வழுக்கும் கிளட்சும் ஆம்பூர்த் தோலும்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய புல்லட்டில் நானும் என் மனைவியும் மலை ஏறிக்கொண்டிருந்தோம். ஏழாவது வளைவைத் தாண்டியதும் வண்டியின் குரல் மாறியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் மேலே போகிறது, வண்டி போகவில்லை. இன்னும் முறுக்கினேன், இன்னும் கத்தியது. சுள்ளிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவந்த ஓர் அம்மாள் எங்களை முந்திக்கொண்டு போனாள். என் மனைவி, "நான் இறங்கி நடக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கேலி இருந்ததா, அனுதாபம் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சில் கிளட்சுக்கு 'அம்பிரையாழ்' என்று பெயர். அது வழுக்கினால் 'பத்தின்' என்பார்கள். பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடுவதற்கும் அதே வினைச்சொல்தான். கிளட்சை விடுவிப்பதற்கு 'தெப்ரையாழ்'. ஆலைத் தொழிலாளிகள் சற்று நேரம் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நிற்பதற்கும் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். இயந்திரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறான், இரண்டுக்கும் நடுவில் பிடிப்பு இல்லை. வடஆற்காட்டுக்கு எழுத்தராக வந்து சேர்ந்த பிறகு என் பிரெஞ்சு எதற்கும் பயன்பட்டதில்லை. அன்றைக்கு மலையில் நின்றபோது அந்தச் சொல் தானாக வாயில் வந்தது.

வண்டியை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி உதைத்தேன். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை இறங்கியது. வழக்கமாக புல்லட் காலைத் திருப்பி உதைக்கும். அன்றைக்கு வெண்ணெயில் கால் வைத்தது போல இருந்தது. வண்டியைத் திருப்பி, இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு கீழே பொன்னேரிக்கு வந்து சேர்ந்தோம்.

இதில் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஆம்பூரில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் பாயிடம் கிளட்ச் பிளேட் புதிதாகப் போட்டிருந்தேன். மறுநாள் அலுவலகத்துக்குக்கூடப் போகாமல் நேராக அவர் கடைக்குப் போனேன். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "பழைய பிளேட்டைத் தேய்ச்சுப் போட்டுட்டு, புதுசுன்னு காசு வாங்கினியா?" என்று கேட்டேன்.

பதினாறு வருடமாக அவரை "நீங்க, வாங்க, சொல்லுங்க பாய்" என்றுதான் பேசிவந்தேன். அன்றைக்கு 'வாங்கினியா' என்று வந்துவிட்டது. அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, "விட்டுட்டுப் போங்க சார், பிரிச்சுப் பாக்கறேன்" என்றார். நான் விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன்.

மீதிக் கதை இருக்கட்டும். கிளட்ச் என்ற சாமானுக்கும் நம் தோல் ஊர்களுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன்.

அந்தக்கால ரைஸ் மில்லைப் பார்த்தவர்களுக்குக் கிளட்சை விளக்குவது எளிது. கூரைக்குக் கீழே ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தட்டைத் தோல் பெல்ட் இறங்கும். இயந்திரத்தின் பக்கம் இரண்டு சக்கரங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று அச்சோடு பிணைந்தது, மற்றது சும்மா சுற்றுவது. ஒரு கட்டையால் பெல்ட்டைத் தள்ளிச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்றினால் இயந்திரம் நிற்கும். பிணைந்த சக்கரத்துக்கு மாற்றினால் ஓடும். அதுதான் கிளட்ச். மேலே எஞ்சின் நிற்காமல் ஓட, கீழே வேண்டியதை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு வழி. டேனரிகளிலும் தோலை உருட்டும் பெரிய மர டிரம்களை இப்படித்தான் பெல்ட் வைத்து ஓட்டினார்கள். பிறகு ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மோட்டார் வந்தது.

நம் பாயின் தகப்பனார் ஒரு டேனரியில் பெல்ட் வேலை பார்த்தவர். அறுந்த பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சீவி, துளை போட்டு, தோல் வாரால் தைத்துச் சேர்ப்பது அவர் வேலை. ஈரத் தோல் ஏற்றிய டிரம் கனமானது. கிளப்பும்போது பெல்ட் வழுக்கினால் ஒரு கீச்சுச் சத்தமும் கருகிய வாடையும் வரும். அதைக் கேட்டே எந்த டிரம்மில் பாரம் அதிகம், எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவாராம். பாய் இதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். வழுக்கல் என்பது மூன்றே காரணத்தால்தான் வரும் என்பது அவர் தகப்பனார் கணக்கு: அழுத்தம் போதாது, தோல் தேய்ந்துவிட்டது, நடுவில் ஏதோ புகுந்துவிட்டது. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் வந்த மோட்டார் சைக்கிள்களுக்குக் கிளட்சே கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட், அவ்வளவுதான். பல வண்டிகளில் அது தோல் பெல்ட். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். முச்சந்தியில் நிற்க வேண்டுமானால் எஞ்சினையும் நிறுத்த வேண்டும், பிறகு மறுபடி ஓட்டம். மழை பெய்தால் பெல்ட் நனைந்து வழுக்கும், வெயிலில் காய்ந்தால் விறைக்கும். ஓட்டுபவர்கள் மாற்றுப் பெல்ட்டைக் கூடவே வைத்துக்கொண்டு போனார்கள்.

மோட்டார் கார்களில் கிளட்ச் முன்பே வந்துவிட்டது. 1891இல் பாரிஸில் பன்னார் எ லெவாசோர் என்ற கம்பெனி எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே கியர்ப் பெட்டி என்று வரிசைப்படுத்தியது. உலகத்துக் கார்களெல்லாம் வெகுகாலம் அந்த வரிசையில்தான் ஓடின. அக்காலக் கிளட்ச் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஒரு புனலுக்குள் இன்னொரு புனலைச் செருகினால் எப்படி இறுகிக்கொள்ளுமோ அப்படி. உள்ளே செருகும் கூம்பின் மேல் தோல் போர்த்தி ஆணி அடித்திருப்பார்கள். ரோல்ஸ் ராய்ஸின் புகழ்பெற்ற சில்வர் கோஸ்ட் காரில்கூட கூம்புக் கிளட்சுக்குத் தோல்தான் போர்வை. மகாராஜாக்கள் ஏறிப்போன வண்டியை ஒரு மாட்டுத் தோல்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்தத் தோல் கிளட்சைப் பராமரித்த விதம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். தோல் காய்ந்து விறைத்தால், கிளட்சை விட்டதும் வண்டி குதிரை போலத் துள்ளும். அப்போது விளக்கெண்ணெயோ, மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயோ தடவி ஊறவைப்பார்கள். எண்ணெய் அதிகமாகி வழுக்கினால் முல்தானி மிட்டியைத் தூவுவார்கள். அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பெண்கள் முகத்துக்குப் பூசுகிறார்களே, அதே மண்தான். தோல் பதனிடும் இடத்தில் எண்ணெய் ஊட்டும் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. குறைந்தால் தோல் வெடிக்கும், கூடினால் பிசுபிசுக்கும்.

ஆனால் தோலுக்கு ஒரு எல்லை உண்டு, அது சூடு. ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதப்படுத்திய தோல், கொதிநிலை வருவதற்கு வெகு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். டேனரிகளில் ஒரு துண்டை நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனை இதற்காகத்தான். சென்னை மாகாணத்தில் குரோம் முறையைப் பரீட்சித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், 1903ஆம் ஆண்டு வாக்கில். அவர் மனதில் இருந்தது கிளட்ச் அல்ல, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலையின் தோல் பைகள். தண்ணீரில் அழுகாத தோல் வேண்டும் என்று தொடங்கினார். பிற்பாடு நம் பாலாற்றங்கரை முழுவதையும் அந்த முறை பிடித்துக்கொண்டது. அதன் விலையைப் பாலாறு கொடுத்தது.

எஞ்சின்களின் வேகம் கூடக் கூடக் கிளட்சின் சூட்டைத் தோல் தாங்கவில்லை. இங்கே ஒரு செருப்புக் கதை. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைநாட்டில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்று ஒருவர். இறக்கத்தில் வண்டிக்காரர்கள் தங்கள் குதிரை வண்டியின் மரப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைத்திருப்பதைக் கவனித்தார். மரத்தைவிடத் தோல் நன்றாகப் பிடித்தது. இதைவிட நல்ல பொருள் செய்யலாமே என்று முயன்று, 1897இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் நடுவில் செருகி அதற்கு 'ஃபெரோடோ' என்று பெயர் வைத்தார். பருத்தியில் தொடங்கிப் பிறகு கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாசுக்கு வந்தார். உலகத்துப் பிரேக்கும் கிளட்சும் அவர் பின்னால் போயின. ஆக, ஒரு கிழிந்த பூட்ஸ்தான் அத்தனைக்கும் பாட்டன். ஆம்பூரில் பூட்ஸ் தைக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மோட்டார் சைக்கிளில் தோலுக்கும் கல்நாருக்கும் நடுவே தக்கை ஒரு ஆட்டம் ஆடியது. புட்டியின் வாயை அடைக்கும் அதே தக்கை. பிரெஞ்சில் 'லியேழ்'. போர்ச்சுகல் பக்கத்து ஓக் மரத்தின் பட்டை அது. ஒன்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை உரிப்பார்கள், மரம் சாவதில்லை. அதன் விசேஷம், எண்ணெயில் ஊறினாலும் பிடிப்பை விடாது. அமெரிக்காவின் ஹட்சன் கார்கள் தக்கை பதித்து எண்ணெயில் மூழ்கிய கிளட்சை 1950கள் வரை வைத்திருந்தன. ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களிலும் இரும்புத் தட்டில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தக்கைத் துண்டை இறுக்கியிருப்பார்கள். தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றலாம். தக்கையை வெந்நீரில் ஊறவைத்து, மெத்தென்று ஆனதும் துளையில் அழுத்தி, காய்ந்தபின் உப்புத்தாளில் சமமாகத் தேய்க்க வேண்டும். தோலைப் பதப்படுத்த ஒரு மரத்தின் பட்டை, தோலை வேலையிலிருந்து அனுப்ப இன்னொரு மரத்தின் பட்டை.

கல்நாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நம் நாட்டில் பிரேக் லைனிங், கிளட்ச் தகடு செய்யும் கம்பெனிகள் சில சென்னையைச் சுற்றி வளர்ந்தன. பல ஆண்டுகள் அவற்றின் உயிர்ப்பொருள் கல்நார். அதன் தூசு நுரையீரலில் தங்கினால் இருபது முப்பது ஆண்டு கழித்து நோயாக வெளிப்படும். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கோப்புகளைக் கட்டி, சுருள் போட்டு, எத்தனை வருடத்தில் அழிக்கலாம் என்று சீட்டு ஒட்டியே காலம் தள்ளிய எனக்கு, அந்த 40 வருடத்தின் அர்த்தம் நன்றாகத் தெரியும். நோய் வெளிவரும்போது காகிதம் இருக்க வேண்டும். தெருவோர மெக்கானிக்குக்கு ஏது பதிவேடு? பிரேக் டிரம்மைக் கழற்றி, வாயாலேயே ஊதித் தூசைத் தட்டுவதை நாம் எல்லோரும் நின்று பார்த்திருக்கிறோம். அடுத்த ஆண்டு, 1996 ஆகஸ்டில், அதே நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் நம் டேனரிகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஒன்று மூச்சைப் பற்றி, மற்றது தண்ணீரைப் பற்றி. இரண்டாவது மட்டும் நம் ஊரில் பேசப்பட்டது.

இனி புல்லட்டுக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனி. முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தார்கள். நம் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் வண்டி தேவைப்பட்டபோது 350 சி.சி. புல்லட் தேர்வாயிற்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையுமே வாங்கிவந்து இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் வீடு போனபிறகும் பெண் புகுந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். என் வண்டி 1968 மாடல். ஒரு டேனரிக் கணக்குப்பிள்ளையிடம் 1983இல் வாங்கினேன்.

அந்தப் புல்லட்டின் அமைப்பு இப்போதைய வண்டிகளுக்கு மாறுபட்டது. எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே இடதுபுறம் செயினும் கிளட்சும் இருக்கும் கூட்டுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனிக் குடும்பம். அந்தக் கூட்டின் மூடியை நடுவிலிருக்கும் ஒரே ஒரு பெரிய நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். கால்மிதியைக் கழற்றி, கீழே ஒரு தட்டை வைத்து, அந்த ஒரு நட்டைத் திருகினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே உராய்வுத் தட்டும் வெறும் இரும்புத் தட்டும் மாறி மாறி இட்டிலித் தட்டுப் போல அடுக்கியிருக்கும். மேலே ஸ்பிரிங்குகள் அமுக்கிக்கொண்டிருக்கும். நாம் கையால் லீவரைப் பிடித்தால் கேபிள் இழுத்து, வலதுபுறம் கியர்ப் பெட்டி வழியாக ஒரு நீளக் கம்பி தள்ளி, அந்த அமுக்கத்தை விலக்கும். விட்டால் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது என் கோபத்தின் கதைக்குத் திரும்புகிறேன். இரண்டாவது கடைக்காரர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பிளேட் செட், ஸ்பிரிங், எல்லாம் மாத்திடலாம் சார்" என்றார். மாற்றினார். மூடியைப் பூட்டும்போது, "என்னிடம் எண்ணெய் இருக்கிறது" என்று நானே பெருமையாக ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தேன். துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. கார் எஞ்சினுக்கான உயர்ந்த ரக எண்ணெய், தேன் போல இருக்கும். இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மாதனூர் தாண்டியதும் பழைய பாட்டையே பாடியது.

வேறு வழியில்லாமல் பாயிடமே போனேன். கடையில் அப்போது ஆள் இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் எதுவும் கேட்கவில்லை, "டீ சொல்லட்டுமா சார்" என்றார்.

அவர் பார்த்த வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் ஹேண்டிலில் கிளட்ச் லீவரை ஒரு விரலால் அசைத்தார். கேபிள் இழுக்கத் தொடங்குமுன் லீவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால், நாம் கையை எடுத்த பிறகும் கம்பி தட்டுகளை அரைகுறையாக விலக்கியே வைத்திருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறையும் என்பதால், பாதிக் கேஸ் இங்கேயே தீர்ந்துவிடும், செலவு ஒன்றுமில்லை. என் வண்டியில் ஆட்டம் சரியாக இருந்தது.

அடுத்து கிக்கர். புல்லட்டில் கிக்கர் உதைப்பது எஞ்சினை நேராகச் சுற்றாது. கியர்ப் பெட்டி வழியாக, கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். அதனால் கிளட்ச் வழுக்கினால் உதையும் வழுக்கும். உள்ளே கிக்கரின் பல் தேய்ந்திருந்தாலும் உதை நழுவும், ஆனால் அதில் கடகடவென்று ஒரு சத்தமும் காலில் ஒரு வெட்டும் இருக்கும். கிளட்ச் வழுக்கினால் சத்தமே இல்லாமல் நழுவும். கையாலேயே கிக்கரை மெதுவாக அழுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். தகப்பனாரின் பெல்ட் காது அது. பிறகு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். நாலாவது கியரில் மெதுவாகப் போய் சட்டென்று முறுக்க வேண்டும். வேகம் ஏறாமல் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச். சத்தமும் ஏறாமல் மூச்சுத் திணறினால் கோளாறு வேறு இடத்தில்: கார்புரேட்டர், பிளக், எஞ்சின். பவர் இல்லை என்று வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்றார்.

கடைசியாகத்தான் மூடியைக் கழற்றினார். எண்ணெய் தட்டில் கொட்டியது. இரண்டு விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்தார்.

"இது யாரு ஊத்தினது சார்?"

"நான்தான். நல்ல எண்ணெய் பாய், ஃபாரின்."

"நல்ல எண்ணெய்தான். அதான் வழுக்குது."

முன்பு அவர் பிளேட் மாற்றிய இரண்டாம் வாரம், எண்ணெய் குறைந்திருக்குமோ என்று அதே டின்னிலிருந்து நான்தான் ஊற்றியிருந்தேன். அதை அவரிடமும் சொல்லவில்லை, இரண்டாவது கடையிலும் சொல்லவில்லை. குற்றம் என்று தோன்றியிருந்தால்தானே சொல்வதற்கு. அவர் தகப்பனாரின் மூன்றாவது காரணம், நடுவில் புகுந்தது.

இதன் விஞ்ஞானம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்நாளில் கார் எண்ணெய்களில் பெட்ரோல் மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். கார்க் கிளட்ச் எண்ணெய் படாத உலர்ந்த கிளட்ச், அதனால் அங்கே தொல்லை இல்லை. மோட்டார் சைக்கிளிலோ கிளட்ச் எண்ணெயில் குளிக்கிறது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 போன்ற ஜப்பான் வழி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். உலகமெங்கும் வண்டிகள் வழுக்கத் தொடங்கியதும் ஜப்பானியர்கள் 1998இல் 'ஜாஸோ டி 903' என்று தனி விதி கொண்டுவந்தார்கள். கிளட்ச் நன்றாகப் பிடிக்கும் எண்ணெய்க்கு எம்.ஏ., உராய்வு குறைந்த எண்ணெய்க்கு எம்.பி. என்று முத்திரை. ஈரக் கிளட்ச் வண்டிக்கு வேண்டியது எம்.ஏ. உங்கள் பேரன் வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது டப்பாவின் பின்புறம் அந்த எழுத்தைப் பாருங்கள். விதி வந்து ஒரு வருடம் கழித்து நான் ஏலகிரியில் நின்றிருக்கிறேன். ஆம்பூர் பாய்க்கு ஜப்பான் விதி தெரியாது, அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவினார். இரும்புத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். சூட்டில் நீலம் பாரித்த இரண்டை ஒதுக்கினார். மற்றவற்றை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினார். மினுமினுப்பு வந்தாலே வழுக்கும் என்றார். சாதாரண எண்ணெயை அளந்து ஊற்றி மூடினார். எல்லாம் ஒரு பகல் வேலை. கூலியாக அவர் கேட்டது, நான் இரண்டாவது கடையில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். நான் கூட வைத்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாய், அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன். "வண்டி மலை ஏறும் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஏறியது. அடுத்த ஞாயிறு 14 வளைவும் ஏறினோம். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக அவரிடமே வேலை கொடுத்தேன். பிளேட்டோ, ஸ்பிரிங்கோ, ஒரு சின்ன வாஷரோ எதை மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைத் துடைத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொட்டலங்கள் பரணில் ஒரு சாக்கில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரன் தெருவில் கூவும்போதெல்லாம் என் மனைவி போட்டுவிடலாமா என்று கேட்பாள்.